இதில் யார் பக்கவாத்தியம்? – சக்தி குழுவின் முதல் ஒலிப்பதிவு

சக்தி குழுவின் முதல் இசைத்தட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு ஃபைல் திறந்து வைத்திருக்கிறேன். நாலு பத்தி எழுதுவேன், அழித்துவிடுவேன். அந்தத் தட்டைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் ஒரே மாதிரி இருப்பதுதான் காரணம். கிழக்கும் மேற்கும் சந்தித்தன, ஜாஸும் கர்நாடக சங்கீதமும் கலந்தன, வெள்ளைக்காரர் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து நம்ம இசையை வாசித்தார். பெருமைப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

எனக்கு அந்தத் தட்டில் முக்கியமாகப் படுவது வேறு. அதை எனக்குக் காட்டியவர் விமர்சகர் கிடையாது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் களத்து வேலை பார்த்துக்கொண்டு, மார்கழி பஜனைக்குக் கடம் வாசித்தவர். அவர் கேட்ட கேள்விதான் தலைப்பு. அதற்கு நான் இன்னும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை ஒரு முயற்சி.

முதலில் விவரங்கள்

ஒலிப்பதிவு நடந்தது 1975 ஜூலை 5. இடம் நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டில் உள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரி. ஸ்டுடியோ இல்லை, ரசிகர்கள் முன்னால் நடந்த கச்சேரி. தட்டு 1976இல் கொலம்பியா வெளியீடாக வந்தது.

வாசித்தவர்கள் ஐந்து பேர். கிடார் ஜான் மெக்லாஃப்லின். வயலின் எல். சங்கர். தபலா ஜாகிர் உசேன். கடம் டி.எச். விநாயக்ராம், நாம் விக்கு என்று சொல்கிறவர். மிருதங்கம் ராம்நாட் வி. ராகவன். இந்தக் கடைசிப் பெயரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

தட்டில் உருப்படிகள் மூன்றுதான். முதல் பக்கத்தில் 'ஜாய்', 18 நிமிடம். அதற்கடுத்து 'லோட்டஸ் ஃபீட்', ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. இரண்டாம் பக்கம் முழுக்க 29 நிமிடத்துக்கு ஒரே உருப்படி. அதன் தலைப்பே ஒரு பத்தி நீளம். 'இது எனக்கெதற்கு, அது எனக்கெதற்கு, என் இறைவன் காலடியில் ஆடுகிறேன், எல்லாம் ஆனந்தம்' என்கிற பொருளில் போகும்.

மெக்லாஃப்லின் 1942இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1969 ஜனவரியில் லண்டனில் தன் பெயரில் முதல் தட்டைப் பதிவு செய்தார். அடுத்த மாதமே நியூயார்க்கில் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' ஒலிப்பதிவில் உட்கார்ந்திருந்தார். 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா. இரட்டைக் கழுத்து எலெக்ட்ரிக் கிடார், பில்லி காப்ஹாமின் டிரம்ஸ், காதைக் கிழிக்கிற சத்தம், நிறைந்த அரங்குகள். அந்தப் புகழின் நடுவில்தான் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டிருந்தார். ராகவன் அங்கே மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவர், பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் தம்பி. சங்கரும் அங்கே படித்தவர்தான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு சென்னைக்கு வந்தவர்.

ஆக, இந்தக் குழு 'கிழக்கைத் தேடி வந்த' ஒருவர் கட்டியது என்பதைவிட, ஒரு பல்கலைக்கழகத்து வராந்தாவில் முக்கால்வாசி உருவானது என்று சொல்வது சரியாக இருக்கும்.

இரண்டு பேர், இரண்டு குறை

1998. நான் சேலத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வீட்டுக்கு வருவேன். கிடார் வகுப்பு ஞாயிறு மாலை, ஏரிப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில். சொல்லிக்கொடுத்தவர் ஆங்கிலோ இந்தியர், வயது எழுபதுக்கு மேல். இளவயதில் பெங்களூர் கிளப்புகளில் டான்ஸ் பேண்டில் வாசித்தவர், அப்போது சர்ச் கொயருக்கு வாசித்துக்கொண்டிருந்தார். அவரிடம்தான் அந்த கேசட் இருந்தது. கொடுக்கும்போதே எச்சரித்துக் கொடுத்தார்.

"நல்லா வாசிக்கிறான் மேன். ஆனா கார்டு எங்க மேன்? பதினெட்டு நிமிஷம் ஒரே ஸ்ருதியில நிக்கிறான். இது ஜாஸ் இல்ல."

வீட்டில் போட்டேன். அப்பா எஸ்டேட் ஆபீஸில் ரைட்டர். மிருதங்கம் முறையாகப் படித்தவர், கச்சேரிக்குப் போகாதவர். பஜனைக்கு மட்டும் வாசிப்பார். 'ஜாய்' முடியும்வரை பேசாமல் கேட்டார்.

"விரல் நல்லா ஓடுது. ராகம் எங்கடா? ஸ்வரம் மட்டும்தான் இருக்கு."

அப்போது எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். கிழவர்களுக்குப் புதுசு புரியாது என்று நினைத்தேன். இப்போது எனக்கே நாற்பத்தாறு. திரும்பக் கேட்கும்போது, இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று படுகிறது. அந்த இரண்டு குறையிலிருந்து ஆரம்பித்தால்தான் இந்தத் தட்டு திறக்கும்.

கார்டு எங்கே?

ஜாஸ் கிடார்காரனுடைய சொத்து கார்டு. ஒரே நேரத்தில் நாலு ஸ்வரத்தை அழுத்தி, அதை வேறு நாலு ஸ்வரமாக நகர்த்தி, அந்த நகர்வின் மேல் மெட்டு போட்டுக்கொண்டு போவது. 1959இல் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் இந்த நகர்வைக் குறைத்துக் காட்டினார், கோல்ட்ரேன் அதை இன்னும் தூரம் கொண்டுபோனார். ஆனாலும் பின்னால் பியானோவோ பாஸோ இருந்துகொண்டே இருக்கும்.

1975 ஜூலை மேடையில் பியானோ இல்லை, பாஸ் இல்லை, டிரம் செட் இல்லை. அடிநாதம் தபலாவின் இடது பக்கத்திலிருந்தும், மிருதங்கத்தின் தொப்பியிலிருந்தும், வயிற்றோடு அணைத்த பானையின் வாயிலிருந்தும் வரவேண்டும். ஆதார ஸ்ருதி மாறாது. கார்டு மாற்றி மாற்றித் தப்பிக்க இடமே கிடையாது.

ஜிப்பா போடுவதும் சம்மணம் போடுவதும் பெரிய விஷயம் இல்லை. கையில் இருந்த சொத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார் என்பதுதான் விஷயம். என் வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில், "வெளியே விட்டுட்டு வந்தாரு சார்" என்பதுதான். அது குறையா என்றால், ஜாஸ் பக்கம் நின்று பார்த்தால் குறைதான். மறைக்க வேண்டியதில்லை.

ராகம் எங்கே?

அப்பாவுடைய குறை இன்னும் ஆழமானது. இங்கே கருவியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

மெட்டு இருக்கிற வாத்தியத்தில் கமகம் வராது என்று சிலர் சொல்வார்கள். தப்பு. வீணைக்கும் 24 மெட்டு இருக்கிறது. மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்பதால், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரம் எடுக்கலாம். விரலுக்குக் கீழே காற்றுதான் இருக்கும், மரம் தடுக்காது. கிடாரில் ஃப்ரெட் தாழ்வு. விரல் மரத்தில் உரசும். அதிலும் அகௌஸ்டிக் கிடாரின் எஃகுத் தந்தி தடிமன், இழுவிசை அதிகம். அரை ஸ்வரம் இழுப்பதற்குள் விரல் நுனி கிழிந்துவிடும். நானே இந்தக் குளிரில் தோடி காந்தாரத்தை முயற்சி பண்ணி, ஒரு வாரம் கீபோர்டு தட்ட முடியாமல் இருந்திருக்கிறேன்.

மெக்லாஃப்லினுக்கு இது தெரியாமல் இல்லை. சக்திக்காக கிப்சனில் வேலை பார்த்த ஏப்ரகாம் வெக்டர் என்ற கிடார் ஆசாரியை வைத்துத் தனியாகக் கருவி செய்தார். ஆறு தந்திக்குக் கீழே, ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக ஏழு அனுதாபத் தந்திகள். ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய விரல் பலகை. அதாவது வீணை எதை மெழுகு வைத்து மேலே தூக்கிச் சாதித்ததோ, அதைக் கிடாரில் மரத்தைக் கீழே தோண்டிச் சாதிக்கப் பார்த்தார். யார் யாருக்காக இறங்கி வந்தார்கள் என்று கணக்குப் போட்டால், கருவியை வெட்டிக்கொண்டவர் அவர் மட்டும்தான். வயலின் அப்படியே வந்தது, பானையும் அப்படியே வந்தது.

ஆனாலும் முதல் தட்டில், குறிப்பாக 'ஜாய்'யில், கமகம் இல்லாத இடத்தை வேகம் நிரப்புகிறது. கிடாரும் வயலினும் சேர்ந்து வாசிக்கிற அந்த மின்னல் பிடிகளைக் கேளுங்கள். பிரமிப்பாக இருக்கும். இரண்டு மூன்று தடவை கேட்டபிறகு வேறொன்று உறைக்கும். இரண்டு பேர் ஒன்றாகப் போக வேண்டுமென்றால், இரண்டு பேருக்கும் பொதுவாக முடிந்ததை மட்டும்தான் வாசிக்க முடியும். பள்ளிக்கூடத்து மீ.பொ.வ. கணக்கு மாதிரி. வயலினில் சங்கரால் எந்த ஸ்வரத்தையும் வழுக்கவும் அசைக்கவும் முடியும். கிடாரோடு சேர்ந்து ஓடும்போது அவரும் ஸ்வரத்தைத் தட்டையாக, புள்ளி புள்ளியாக வைக்கிறார். கிடார் வயலின் மாதிரி ஆகவில்லை, வயலின்தான் கொஞ்ச நேரம் கிடார் மாதிரி ஆகிவிடுகிறது. அப்பாவின் காது பிடித்தது இதைத்தான்.

'லோட்டஸ் ஃபீட்'

இதற்கு விதிவிலக்கு அந்தச் சின்ன உருப்படி. இந்தத் தட்டில் எனக்குப் பிடித்த மெட்டும் அதுதான்.

அதே 1975 கோடையில் மெக்லாஃப்லின் பிரான்ஸில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவோடு 'இன்னர் வோர்ல்ட்ஸ்' என்ற தட்டைப் பதிவு செய்தார். அதிலும் 'லோட்டஸ் ஃபீட்' இருக்கிறது. ஒரே மெட்டு, ஒரே கோடை, இரண்டு குழு. அந்தத் தட்டு கிடார் சிந்தசைசர் புழங்குகிற தட்டு, எல்லாம் மின்சாரம். இங்கே மரம், தோல், மண். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

மெட்டு ரொம்ப எளிமையானது, நீளமான ஸ்வரங்கள். கிடாரின் ஸ்வரம் தட்டியதுமே சாக ஆரம்பிக்கும், அது கருவியின் விதி. வயலின் வில் இருக்கும்வரை உயிரோடு இருக்கும். 'ஜாய்'யில் இந்த வித்தியாசத்தை வேகம் மூடி மறைக்கிறது. 'லோட்டஸ் ஃபீட்'டில் மறைக்க வேகம் இல்லை. ஒருவர் தட்டிய ஸ்வரம் தேயும் இடத்தில் இன்னொருவரின் வில் நிற்கிறது. யாரும் யாரையும் முந்தவில்லை. தாளக்காரர்கள் மூச்சுவிடுவது போல வாசிக்கிறார்கள். கிடார் தன்னால் முடியாததை ஒப்புக்கொண்டு வாசிக்கிற ஐந்து நிமிடம் இது. அதனாலேயே எனக்கு அந்த 18 நிமிடத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

இரண்டாம் பக்கத்தின் நீண்ட உருப்படியிலும் மெதுவாகப் போகிற ஆரம்பப் பகுதிதான் எனக்கு. உச்சத்துக்குப் போனபிறகு அங்கேயே குடியிருக்கும் பழக்கம் இந்தக் குழுவுக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. கச்சேரி நேரில் பார்த்தவர்களுக்கு அது ஆனந்தமாக இருந்திருக்கும். தட்டாகக் கேட்கும்போது எனக்கு அலுப்பு வருகிறது. சொல்லிவிடுவது நல்லது.

பானைக்காரர் கேட்டது

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் பஜனை மடத்தில் மார்கழி முழுக்க விடியற்காலை பாட்டு. சேர்வராயன் மலையில் மார்கழி விடியல் என்றால் மூடுபனியும் ஈரமும்தான். மிருதங்கத்தின் தோல் ஈரத்தை இழுத்துத் தளரும், ஸ்ருதி இறங்கும். அப்பா கல்லும் கட்டையும் வைத்துத் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டே இருப்பார். மூலையில் கடம் வைத்திருந்த அண்ணனுக்கு அந்தத் தொல்லை இல்லை. சுட்ட மண்ணுக்கு ஸ்ருதி இறங்காது. முப்பது நாளும் அந்தக் கூடத்தில் ஸ்ருதி நிலையாக நின்றது அவருடைய பானை ஒன்றில்தான்.

ஆனால் அவர் இடம் ஜமக்காளத்தின் ஓரம். அது அப்பாவின் கொடுமை என்று சொல்ல மாட்டேன், முறையே அப்படித்தான். கச்சேரி மரபில் கடம் உபபக்கவாத்தியம், பக்கவாத்தியத்துக்கும் பக்கம். பாட்டின்போது எப்போது சேரலாம், எப்போது நிறுத்தலாம் என்பது மிருதங்கக்காரரின் கண்ணசைவில் இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் முதலில் வாசிக்கும். கடம் அதைப் பிடித்துப் பதில் சொல்ல வேண்டும். குறைப்பில் சுற்று சுருங்கச் சுருங்க, மிருதங்கம் எந்த நடையில் வைத்ததோ அதே நடையில் திருப்பித் தர வேண்டும். கடைசியில் மோராவும் கோர்வையும் சேர்ந்து. நேரம் போதவில்லை என்றால் முதலில் வெட்டப்படுவது கடத்தின் சுற்றுதான்.

ஒருநாள் மாலை அண்ணன் ஏதோ கணக்குச் சீட்டு விஷயமாக வீட்டுக்கு வந்தார். நான் அந்த கேசட்டைப் போட்டிருந்தேன். உட்காரச் சொல்லியும் உட்காராமல் வாசற்படியில் நின்றபடியே கேட்டார். தாளக்காரர்கள் மட்டும் பேசிக்கொள்கிற பகுதி வந்தது. அவர் முகம் மாறியது. பகுதி முடியும்வரை காத்திருந்து கேட்டார்.

"தம்பி, இதுல யாரு பக்கவாத்தியம்?"

நான் கொஞ்சம் யோசித்து, "கிடார்தான் மெயின்" என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஒப்புக்கொண்டு இல்லை. "அப்ப பானைக்கு எப்படி இவ்வளவு சத்தம் வச்சாங்க?" என்றார்.

அப்பா உள்ளிருந்து, "அதான் குறை. பானை ரொம்பத் தூக்கலா இருக்கு" என்றார்.

மூன்றாவது ஆள்

அவர் கேட்ட பிறகுதான் நான் அந்தத் தட்டைத் தாளத்துக்காகக் கேட்க ஆரம்பித்தேன். இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

மிருதங்கமும் கடமும் மட்டும் இருந்தால் யார் மூத்தவர் என்பதற்கு மரபில் பதில் இருக்கிறது. தபலா வந்து உட்கார்ந்ததும் அந்தப் பதில் செல்லாமல் போகிறது. தபலாவுக்கும் கடத்துக்கும் யார் முன், யார் பின் என்று எந்த சம்பிரதாயமும் சொல்லவில்லை. வடக்கிலிருந்து வந்த ஒருவர், தெற்கிலிருந்து வந்த இரண்டு பேர், நடுவில் எந்த முறையும் தெரியாத ஒரு கிடார். இந்தக் கூட்டத்தில் பழைய வரிசை தானாகக் குலைகிறது. கடம் யார் வாசித்ததையும் திருப்பிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் ஆரம்பிக்கலாம். தபலாவிடம் கேள்வி கேட்கலாம். என் காதுக்கு விக்கு இதில் பதில் சொல்கிறவராக மட்டும் வாசிக்கவில்லை, பேச்சை ஆரம்பிக்கிறவராகவும் வாசிக்கிறார்.

கடத்துக்கு உலக மேடையில் தனி இடம் வந்தது விக்குவால் என்று எல்லோரும் எழுதுவார்கள், உண்மைதான். 1992இல் 'பிளானட் டிரம்' தட்டு கிராமி வாங்கியபோது அதில் அவரும் இருந்தார். ஆனால் அந்த ஏற்றத்தைச் சொல்லும்போது ஒரு விவரம் விட்டுப்போகிறது. சக்தியின் அடுத்த இரண்டு தட்டுகளிலும், 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' இரண்டிலும், ராகவன் இல்லை. மிருதங்கத்துக்கென்று தனியாக ஒருவர் இல்லை. தாளத்துக்கு ஜாகிரும் விக்குவும் மட்டும். அங்கே கடம் முன்னால் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. மூத்தவர் எழுந்து போன இடத்தில் இளையவர் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அது பதவி உயர்வு. சமத்துவம் என்று சொல்ல முடியாது.

1970களில் வந்த மூன்று தட்டுகளில், மிருதங்கக்காரர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கும்போது கடம் சமமாகப் பேசுவது இந்த முதல் ஒலிப்பதிவில் மட்டும்தான். அதனால்தான் ராகவனின் பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன். விக்குவின் தைரியத்தைப் பாராட்டுகிறோம், சரி. பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு இடம் விட்ட மிருதங்கக்காரரை யாரும் பேசுவதில்லை. முதல் கேட்பில் ராகவன் எங்கே வாசிக்கிறார் என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம். வலந்தலையின் நாதம் தபலாவோடு கலந்துவிடும். நாலைந்து தடவை கேட்ட பிறகு அந்தத் தொப்பியின் கனம் தனியாகத் தெரியும். தன் மேல் வெளிச்சம் விழ வேண்டும் என்று அவர் ஒரு இடத்திலும் தள்ளவில்லை. ராம்நாட் கிருஷ்ணன் போன்ற ஒருவரோடு வளர்ந்த வாசிப்பு அப்படித்தான் இருக்கும்.

அண்ணனின் இரண்டாவது கேள்வியும் முக்கியம். 'எப்படி இவ்வளவு சத்தம் வச்சாங்க?' கச்சேரியில் யார் எங்கே உட்காருகிறார் என்பது மரபு. ஒலிப்பதிவில் யார் எவ்வளவு கேட்கிறார் என்பது மைக், மிக்ஸிங் போர்டு. நம்மூர்ப் பழைய கச்சேரி ஒலிப்பதிவுகள் எத்தனையில் கடம் என்று பெயர் மட்டும் இருக்கும், நாதம் இருக்காது? வாசித்தவர் வாசித்துத்தான் இருப்பார், யாரும் அவர் முன்னால் மைக் வைத்திருக்க மாட்டார்கள். 1975இல் அந்த ஒலிப்பதிவைச் செய்தவர்களுக்குக் கடம் உபபக்கவாத்தியம் என்று யாரும் சொல்லித்தந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் காதுக்கு அது ஐந்தில் ஒன்று. அந்த அறியாமை ஒரு நல்ல காரியம் பண்ணியது.

மைக் ஸ்டாண்ட்

இதை எழுதாமல் முடித்தால் நேர்மை இல்லை. பஜனை மடத்தில் மைக் வைப்பது என் வேலை. இன்ஜினியரிங் பையன் என்று என்னிடம் கொடுத்திருந்தார்கள். இருந்தது இரண்டு மைக். பாடுகிறவருக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று. கேசட் கேட்ட வருஷம் மார்கழியில், தாள மைக்கை நகர்த்தி அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா வந்து உட்கார்ந்தார், பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வலது காலை நீட்டி, ஸ்டாண்டின் அடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். பரவாயில்லை தம்பி என்கிற சிரிப்பு. மறுநாள் நான் திரும்ப நகர்த்தவில்லை. அதற்கடுத்த மூன்று மார்கழியும் நகர்த்தவில்லை.

அப்பா இறந்து பத்து வருஷம் ஆகிறது. நல்ல மனிதர், நல்ல காது. அண்ணன் இப்போது சேலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கை நடுங்குகிறது, வாசிப்பதில்லை. 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்த செய்தி வந்த வாரம், மலை இறங்கிப் போய் அவரைப் பார்த்தேன். ஹெட்ஃபோனை மாட்டி இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தொடையில் விரல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இதுல மிருதங்கமும் இருக்கு தம்பி. அன்னைக்கு நான் கவனிக்கல. நல்லா விட்டுக்கொடுத்து வாசிக்கிறாரு."

1998இல் நான் 'கிடார்தான் மெயின்' என்று சொன்ன பதில் தப்பு என்று அன்று அவரிடம் சொன்னேன். அவர் அதை மறந்திருந்தார்.

இந்தத் தட்டைக் கேட்காதவர்கள் 'லோட்டஸ் ஃபீட்'டில் ஆரம்பியுங்கள். கேட்டவர்கள் இன்னொரு தடவை கேளுங்கள், கிடாரையும் வயலினையும் விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும். முதலில் பானையைப் பிடித்துக்கொண்டு போங்கள், பிறகு மிருதங்கத்தைத் தேடுங்கள். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும், ஃபோன் ஸ்பீக்கரில் தொப்பி கேட்காது.